மாப்பிள்ளைக்கு அறுக்காத சேவல்

கோபம் வந்தால் அஞ்சலாட்சி கோழிகளுக்கு நொய் போடுவாள். வாய் திறந்து திட்ட அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. கை நிறைய நொய்யை வாரிக் கொல்லையில் விசிறி அடித்தால் நெஞ்சை அடைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் இறங்கும். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆடி மாதத்தில் சாரம் பகுதியிலேயே கொழுத்த கோழிகள் அவள் வீட்டுக் கோழிகளாகத்தான் இருந்திருக்கும்.

அவள் கணவர் சாமிக்கண்ணு மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளி. அஞ்சலாட்சி ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குப் போனாள். அவள் கொண்டுவரும் சம்பளத்தை எதற்குச் செலவழிப்பது, மகள் துர்கா பன்னிரண்டாவதுக்கு மேல் படிக்கலாமா, அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று எல்லாவற்றையும் சாமிக்கண்ணுவும் அவர் தம்பி கன்னியப்பனும் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அஞ்சலாட்சியின் முடிவுக்கென்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள். பொரித்த குஞ்சுகளில் எந்தச் சேவலை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது மட்டும் அவள் பாடு.

அந்த ஆடிக்கு முந்தைய கார்த்திகையில் கறுப்புப் பெட்டையை அடை வைத்தாள். மார்கழிக் குளிரில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. தை மாதம் துர்காவுக்குக் கல்யாணம். பந்தலில் மிதிபடாமல் இருக்கக் குஞ்சுகளைக் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டுத்தான் மகளுக்குத் தாலி ஏறுவதைப் பார்க்க ஓடினாள். மாசி முடிவதற்குள் எது எது சேவல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேவலுக்குக் கொண்டை முந்திக்கொண்டு சிவக்கும். கால் தடித்து, நிற்கிற நிற்பே மாறும். கழுத்தில் முளைக்கும் இறகு பெட்டைக்கு முனை மழுங்கியிருக்கும். சேவலுக்குக் கூராக நீண்டு தொங்கும். ஐந்து சேவல் என்றாள் அஞ்சலாட்சி.

"நாலுதான் அண்ணி," என்றான் கன்னியப்பன். "இந்தச் சாம்பக் கலரு பெட்ட. பாரு, தலையக் குனிஞ்சிக்கிட்டே மேயுது."

"அது சேவல்தான். மெதுவா வளருது."

"கூவட்டும், ஒத்துக்கறேன்."

மற்ற நான்கும் பங்குனியிலேயே தொண்டை கட்டிய குரலில் கூவப் பழகின. சாம்பல் வைகாசி வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலியோரம் நின்று, யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்பதுபோலப் பாதி கூவி நிறுத்திக்கொண்டது. கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றுமுதல் அதற்குப் பெயர் 'பொட்டச் சேவல்'.

பின்புறத்து வீடு பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற வீடு. சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; தெருவில் சொல்தா வீடு என்பார்கள். அந்த வீட்டு நிர்மலாதேவி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அஞ்சலாட்சி, எங்க வூட்டுக்காரரு முசியே விடியக்காலத்துல எழுந்து உக்காந்துக்கிட்டு என்னத் திட்டுறாரு. ஒரு சேவல் வெச்சிக்க, பொறுத்துக்கறோம். அஞ்சு சேவல் கச்சேரி வேணாம்மா."

நியாயமான பேச்சு. ஒன்றைக் கருவடிக்குப்பத்தில் இருக்கும் அக்காளுக்குக் கொடுத்தாள். இரண்டு கறிக்கடைக்குப் போயின. மிச்சம் சாம்பலும் செங்கீரியும்.

செங்கீரி என்று அதற்குப் பெயர் வைத்தவன் கன்னியப்பன். தீயில் காட்டி எடுத்ததுபோன்ற செம்பழுப்பு நிறம், அரிவாள் மாதிரி வளைந்த வால், ஆளைக் கண்டால் ஒதுங்காமல் எதிர்த்து வரும் நெஞ்சு. தெருவே நின்று பார்க்கும். கன்னியப்பனுக்குச் சேவல் சண்டைப் பைத்தியம். ஞாயிறானால் தவளக்குப்பம் பக்கத்துத் தோப்பில்தான் இருப்பான். துர்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வெற்றிச்செல்வனையே அந்தத் தோப்பில்தான் பிடித்தான். "சொந்தமா லோடு ஆட்டோ ஓட்றான், சேவல் வளக்கறான், தைரியமான பையன்," என்று சொல்லி அண்ணனைச் சம்மதிக்க வைத்தான். அஞ்சலாட்சியை யாரும் கேட்கவில்லை.

சேவலைத் தேர்ந்தெடுக்க அஞ்சலாட்சி கொண்டையையோ வாலையோ பார்க்க மாட்டாள். பெட்டைகளைத்தான் பார்ப்பாள். கரையான் புற்றைப் பெயர்த்துக் கொல்லையில் போடுவாள். சாம்பல் ஒரு கரையானைக் கொத்தி, கீழே போட்டு, கொக்கொக்கென்று மெல்லக் கூப்பிட்டு, பெட்டைகள் தின்னும்வரை பக்கத்தில் நிற்கும். செங்கீரி பெட்டைகளைக் கொத்தி விரட்டிவிட்டு முழுவதையும் தானே தின்னும். பிறகு எதையாவது துரத்திப் பிடித்து, கால் முள் முதுகில் இறங்க மிதிக்கும். ஆனி மாதத்திலேயே கறுப்புப் பெட்டைக்கு முதுகில் இறகு இல்லை. தோல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. இன்னொரு பெட்டை கூட்டைவிட்டு இறங்கவே மறுத்தது.

செங்கீரியைக் கழித்துவிட வேண்டியதுதான் என்று அவள் மனதில் முடிவாகிவிட்டது.

ஆடி பிறந்ததும், புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்கும் வழக்கப்படி துர்கா வந்தாள். இளைத்திருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை அஞ்சலாட்சி வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, பெட்டைகளை ஒவ்வொன்றாக மடியில் கிடத்தி முதுகில் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைக் கழுவிக்கொண்டு மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போனாள்.

"முதுகுக்கு வேணாம்மா. தலைக்கு மட்டும் வெய்யி."

"ஏன்டி, கூச்சமா உனக்கு? நான் பெத்த முதுகு."

துர்கா துணியை இறுக்கிப் பிடித்தாள். அஞ்சலாட்சி அந்தக் கையை விலக்கினாள். தோளிலிருந்து இடுப்புவரை பட்டை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. இரண்டு இடங்களில் பெல்ட்டின் கொக்கி அப்படியே சதுரமாகப் பதிந்திருந்தது. பெற்றவளின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் நழுவிக் கல்லில் உருண்டது.

"இது என்னாடி?"

"விழுந்துட்டேன்."

"எது மேல விழுந்த? பெல்ட்டு மேலயா?"

துர்கா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "கொழம்புல உப்பு கம்மின்னா அடிப்பாரு. சேவலு தோத்துட்டு வந்தா அடிப்பாரு. அடிச்சதுக்கு அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா அதுக்கும் அடிப்பாரு. என்ன அங்க அனுப்பாதம்மா."

அன்று மதியம் அஞ்சலாட்சி கணவரிடம் பேசினாள். சாமிக்கண்ணு சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆம்பளன்னா கை நீளத்தான் செய்யும். நான் அடிக்கலியா? நீ ஓடியா போயிட்ட?"

"ஓடித்தான் போனேன். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தார். அவள் மறக்கவில்லை. கல்யாணமான மறுவருடம், உதடு கிழிந்து, பாகூரில் அப்பன் வீட்டுக்கு நடந்தே போனாள். மூன்றாம் நாள் சாமிக்கண்ணு வந்து நின்றார். அப்பன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, 'ஊரு என்னா சொல்லும்?' என்று மகளைத்தான் கேட்டார். அவள் கல்யாணத்துக்கு முன் கையில் வைத்து வளர்த்த வெள்ளைச் சேவலை அறுத்தார். அவள் சனத்தில் அது ஒரு தீர்ப்பு மாதிரி. பெண்ணை அழைத்துப்போக வந்த மருமகனுக்குச் சேவலடித்துச் சோறு போட்டால், அவன் இலையைவிட்டு எழுந்ததும் பழைய பேச்சு முடிந்தது. பெண் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போக வேண்டும். தொடையும் ஈரலும் சாமிக்கண்ணு இலைக்குப் போயின. அவள் தட்டில் கழுத்துத் துண்டு விழுந்தது. அந்தக் கழுத்தெலும்பு இத்தனை வருடமாக அவள் தொண்டையில் நிற்கிறது.

இப்போது ஆவணி முதல் ஞாயிறு வெற்றிச்செல்வன் வருகிறான். இங்கேயும் ஒரு சேவல் விழும். அவன் சாப்பிட்டுக் கை கழுவினால் துர்கா போய்த்தான் தீரவேண்டும். கன்றிய முதுகின்மேல் இன்னொரு தடம் விழும்.

அஞ்சலாட்சி கொல்லைக்குப் போய் நொய்யை வீசினாள். பானை காலியாகும்வரை வீசினாள்.

ஆடி கடைசி வாரம் கூடத்தில் வந்து நின்று சொன்னாள்: "செங்கீரி இனிமே இந்த வூட்ல வேணாம். சாம்பல வெச்சிக்கப் போறேன்."

கன்னியப்பன் பதறிப்போய் எழுந்தான். "அண்ணி, உனக்குக் கிறுக்கா? செங்கீரி மாதிரி ஒரு சேவல் இந்தச் சாரத்துல இருக்குதா? அந்தப் பொட்டச் சேவல அறுத்து மாப்ளைக்குப் போடு."

"பெட்டைங்க முதுகப் பாத்தியா நீ?"

"ஆம்பளச் சேவலு அப்பிடித்தான் இருக்கும்."

"அப்பிடியா கொழுந்தனாரே. உன் பொண்டாட்டி இப்ப எந்த ஊர்ல இருக்கா?"

கன்னியப்பன் முகம் கறுத்தது. அவன் மனைவி பிரிந்து போய் நெடுநாளாகிறது. சாமிக்கண்ணு "வாய மூடு" என்றார், மனைவியைப் பார்த்து.

மறுநாள் விடுதியிலிருந்து திரும்பியபோது செங்கீரியின் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. கன்னியப்பன் வாசற்படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"நேந்துக்கிட்டேன் அண்ணி. கருவடிக்குப்பம் முனீஸ்வரனுக்கு. துர்கா நல்லா வாழணும்னுதான். இனிமே நீ கை வைக்க முடியாது பாரு."

அவன் மனதில் இருந்ததை அஞ்சலாட்சி ஒரே பார்வையில் படித்துவிட்டாள். மஞ்சள் துணி கட்டிய சேவலை விருந்துக்கு அறுக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். சாம்பல் விழும், செங்கீரி தப்பிக்கும். பிறகு ஒருநாள் துணியை அவிழ்த்துத் தவளக்குப்பத்துக்குக் கொண்டுபோவான். அவளுக்கென்று இருந்த ஒரே முடிவையும், சாமி பேரைச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டான். எத்தனையோ வருடம் அடக்கிவைத்த கோபம் அவள் உச்சந்தலையில் ஏறி நின்றது. ஆனால் அன்று அவள் நொய் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கருவடிக்குப்பம் போனாள்.

அந்த முனீஸ்வரன் வெட்டவெளியில் ஒரு வேப்பமரத்தடிச் சாமி. பூசாரி பாவாடை சருகு பெருக்கிக்கொண்டிருந்தார்.

"துணி கட்டிட்டாங்களா?" என்று கேட்டார். "கட்டிட்டா வர்ற ஞாயிறு தாண்டக் கூடாதும்மா. அந்தக் கடன் தீர்ற வரைக்கும் உங்க வூட்ல வேற சேவலு மேல கத்தி எறங்கவும் கூடாது. விருந்துன்னு கெடையாது, எதுக்கும் கெடையாது."

"எங்க ஆக்குறது?"

"இங்கயே ஆக்கி, இங்கயே துன்னுட்டு, கையக் கழுவிட்டுப் போவணும். ஒரு எலும்புகூட வூட்டு வாசல் தாண்டி உள்ள போவக் கூடாது. தெரிஞ்சதுதான?"

"தெரியும். உங்க வாயால கேக்கணும்னு வந்தேன்," என்றாள் அஞ்சலாட்சி.

ஞாயிறு காலை வெற்றிச்செல்வன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். சலவைச் சட்டை, இடுப்பில் அந்த பெல்ட். துர்கா அதைப் பார்த்ததும் அடுக்களைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் துணிகளைச் சாமிக்கண்ணு அதற்குள் ஒரு பையில் திணித்து வாசலோரம் வைத்துவிட்டார்.

"அத்தை நல்லா இருக்கீங்களா? வாசன ஒண்ணும் வரலியே," என்று சிரித்தான் மாப்பிள்ளை.

"அறுத்தாத்தான வாசன வரும்," என்றாள் அஞ்சலாட்சி.

"ஏய், அந்தச் சாம்பலப் புடி," என்று அதட்டினார் சாமிக்கண்ணு.

அவள் கொல்லைக்குப் போனாள். திரும்பியபோது அவள் கக்கத்தில் இருந்தது செங்கீரி. மஞ்சள் துணி தொங்கியது. மறு கையில் சட்டியும் அரிசிப் பையும்.

"சாமி கடன் நிக்கும்போது வூட்ல கத்தி எடுக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. துர்கா, வாடி. முனீஸ்வரன் கோயிலுக்குப் போறோம்."

கன்னியப்பன் பாய்ந்து வந்து வழியை மறித்தான். அவனைவிட வேகமாக எழுந்தவன் வெற்றிச்செல்வன்.

"கன்னியப்பண்ணே, என்னா இது? சண்டைக்கு எனக்குத் தர்றேன்னு சொன்ன சேவலு இது. தோப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

சாமிக்கண்ணு தம்பியைப் பார்த்தார். "என்னடா சொல்றாரு மாப்ள?"

"அண்ணி," என்று குரலைத் தாழ்த்தினான் கன்னியப்பன், "அது… சும்மா கட்டுனது. விடு. கீழ விடு."

"சும்மா கட்டுனதா?" அஞ்சலாட்சியின் குரல் தெருவரை கேட்டது. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததே இல்லை. "முனீஸ்வரன் பேரச் சொல்லி, என் பொண்ணு வாழ்க்கையச் சொல்லி, சும்மா கட்டுனியா? சரி. வாசல்ல வந்து முனீஸ்வரன் இருக்குற வடக்கப் பாத்து நின்னு சொல்லு. பொய்யா நேந்தேன்னு சாமிகிட்ட சொல்லு. இந்த நிமிசமே அவுத்து உன் கையில குடுத்துட்றேன்."

மதிலுக்கு மேல் நிர்மலாதேவியின் தலை தெரிந்தது. கன்னியப்பன் வாசலைப் பார்த்தான், சேவலைப் பார்த்தான். வடக்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொய் சொல்ல இருந்த தைரியம், அதைப் பொய் என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. சாமிக்கண்ணுவோ ராத்திரிக் காவலுக்குப் போகும்போது முனீஸ்வரனைக் கும்பிட்டுத்தான் தெருமுனை தாண்டுகிறவர்.

"உடு, எடுத்துக்கினு போகட்டும்," என்றார் மெல்ல.

வெற்றிச்செல்வன் பல்லைக் கடித்தான். "அப்ப எனக்குச் சோறு?"

"வாங்க மாப்ள. யாரு வேணாம்னா?" என்றாள் அஞ்சலாட்சி. "அங்கதான் இல போடுவோம். மொதல்ல சாமி முன்னாடி நின்னு, என் பொண்ணு முதுகுல அந்தக் கொக்கித் தடம் எப்பிடி வந்துச்சுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு உக்காந்து சாப்புடுங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

தாயும் மகளும் ஆட்டோவில் போனார்கள். செங்கீரி கடைசிவரை அடங்கவில்லை. பாவாடை கத்தியை எடுத்தபோதும் உதறி, அஞ்சலாட்சியின் மணிக்கட்டைக் கால் முள்ளால் கீறியது. அவள் பிடியை விடவில்லை. ரத்தம் மண்ணில் விழுந்தபோது அவளுக்குக் கண்ணீர் வந்தது. குஞ்சாக இருக்கும்போது உள்ளங்கையில் வைத்துக் கம்பு ஊட்டிய சேவல். அதற்குச் சண்டையைத் தவிர வேறு எதையும் யாரும் கற்றுத் தரவில்லை. அழுதாள், ஆனால் அந்த அழுகையிலும் கோபம்தான் கொதித்தது.

மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தார்கள். படையல் முடிந்ததும் அஞ்சலாட்சி துர்காவின் இலையில் ஈரலை வைத்தாள். தொடையை வைத்தாள். இன்னொரு தொடையையும் வைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா இவ்வளவு? நீ?"

"நான் கழுத்து துன்னு ரொம்ப நாளாச்சு. இன்னும் செரிக்கல. நீ சாப்புடு."

துர்கா முதல் வாயை விழுங்கியதும் உடைந்துபோய் அழுதாள். ஆடி முழுவதும் அழாத அழுகை. அஞ்சலாட்சி தடுக்கவில்லை, இலையில் எலும்பைப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டே இருந்தாள். மிச்சத்தைக் கோயிலில் நின்றவர்களுக்கெல்லாம் போட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

வீடு திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மூன்று ஆண்களும் கூடத்தில் காய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இனிப்புப் பெட்டி பிரிந்து கிடந்தது. அஞ்சலாட்சி மஞ்சள் துணியைக் கன்னியப்பன் மடியில் போட்டாள்.

"உன் நேத்திக்கடன் தீந்துச்சு."

வெற்றிச்செல்வன் எழுந்தான். "துர்கா, பையத் தூக்கு. கெளம்பு."

"சோறு துன்னீங்களா மாப்ள?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"எங்க போட்டீங்க?"

"போடல இல்ல. சேவலடிச்சிச் சோறு போடாம பொண்ண அனுப்புற வழக்கம் எங்க சனத்துல கெடையாது."

"இன்னொரு சேவலு இருக்குதே."

"அது நான் வெச்சிக்கிட்ட சேவலு. அத அறுக்க மாட்டேன். நாளைக்கும் அறுக்க மாட்டேன், அடுத்த ஆடிக்கும் அறுக்க மாட்டேன். அவ முதுகு ஆறுனதும் அவளே வந்து என்ன கேட்டா அப்ப பாக்கலாம். அவ கேக்க மாட்டா."

வெற்றிச்செல்வனின் கை இடுப்புப் பக்கம் போனது. துர்கா ஒரு அடி பின்னால் வைத்தாள். அஞ்சலாட்சி ரத்தம் காய்ந்த மணிக்கட்டோடு நடுவில் வந்து நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிர்மலாதேவியின் குரல் வந்தது: "அஞ்சலாட்சி, எங்க வூட்டுல போன் இருக்குது. போலீசுக்குப் போடட்டுமா?"

அவன் கையை எடுத்தான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். தெருவில் லோடு ஆட்டோ உறுமிக்கொண்டு கிளம்பிய சத்தம் கேட்டது. கன்னியப்பனும் அண்ணன் முகத்தைப் பாராமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

சாமிக்கண்ணு இனிப்புப் பெட்டியை இழுத்து மூடினார். பிறகு, "ஊரு என்னா சொல்லும்?" என்றார்.

"எங்கப்பனும் அதத்தான் கேட்டாரு."

"பசிக்குது."

"பானையில பழைய சோறு இருக்குது. நீயே போட்டுக்க."

அவள் கோபம் தணியவில்லை. அது ஒரு சேவலோடு தணிகிற கோபமும் இல்லை. வாசலோரம் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சாமிக்கண்ணு திணித்த புடவைகள் கசங்கிப்போயிருந்தன. ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். துர்கா மஞ்சளும் வேப்பெண்ணெயும் எடுத்து வந்து கறுப்புப் பெட்டையை மடியில் கிடத்திக்கொண்டாள். சற்றுத் தள்ளி, சாம்பல் எதையோ கொத்திப் போட்டுவிட்டுக் கொக்கொக்கென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூட்டைவிட்டு இறங்க மறுத்த பெட்டை படியில் ஒரு காலை வைத்து, யோசித்து, இறங்கியது.

"எறகு மொளைக்குமாம்மா இதுக்கு?"

"மொளைக்கும். நாளாவும்," என்றாள் அஞ்சலாட்சி, புடவையை ஓங்கி உதறிக்கொண்டே.